முகூர்த்த நேரத்துல எனக்கு மட்டும் அக்னி நட்சத்திரம்

எல்லாரும் அட்சதை தூவுறாங்க. நான் மொய்க் கவரால விசிறிக்கிட்டு நிக்கிறேன்.

நெஞ்சுல கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலைன்னு குப்புனு ஏறுது. பட்டு ஜாக்கெட் முதுகோட ஒட்டிப்போச்சு. சூடு அடங்கினதும் ஒரே நடுக்கம்.

"என்னடி, பிரஷரா?"

இல்ல பெரியம்மா, டமாக்சிஃபென்.

மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சாலும் இந்த மாத்திரை பெரும்பாலும் 5 வருஷம், சிலருக்கு 10. கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் தீனி கிடைக்காம தடுக்குது. அதுல மூளையில சூட்டைப் பாத்துக்கிற இடமும் குழம்பிடுது.

மெனோபாஸ் சூட்டுக்குத் தர்ற ஹார்மோன் மாத்திரை பொதுவா நமக்கு ஆகாது. வெட்கத்தை விட்டு டாக்டர்கிட்ட சொன்னேன். வென்லாஃபாக்சின் எழுதினார்.

"அது டிப்ரஷன் மாத்திரையாச்சே?"ன்னு இழுத்தேன். சின்ன டோஸ்ல இதுக்கும் கேக்குமாம். கொஞ்சம் கேக்குது.

ஆனா பராக்ஸிடின், ஃப்ளுவாக்ஸிடின் மாதிரி சில மன அழுத்த மாத்திரைங்க டமாக்சிஃபென் வேலையையே குறைச்சிடலாம். மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. "மூலிகைதானே"ன்னு யாராச்சும் நீட்டினாலும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான்.

மத்தபடி பருத்திப் புடவை, தலைமாட்டுல ஈரத்துண்டு, சாயங்காலக் காபி கட். (முடி கொட்டினப்ப அழாதவ, காபிக்கு அழுதேன்.)

சூடு தாங்கலன்னு மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க தோழிகளே. வேற வழி இருக்கான்னு டாக்டரைக் கேளுங்க.

சரி, இதே மாத்திரையில இருக்கறவங்க சொல்லுங்க... நடுராத்திரி 3 மணிக்கு ஃபேனைக் கூட்டினா வீட்டுக்காரர் போர்வை கேக்குறாரு. உங்க வீட்டுல எப்படிச் சமாளிக்கிறீங்க?