பெயரில்லாத ஓர் இசைத்தட்டு உறை

ஓர் இசைக்குழுவின் காட்சி அடையாளம், அதாவது எழுத்து, நிறம், உருவம் ஆகியவை கூடி அக்குழுவைப் பார்த்தவுடன் இனங்காட்டும் முறை, பெயரைப் பெரிதாக அச்சிடுவதால் உருவாவதில்லை என்பதற்கு, மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழு 1979இல் வெளியிட்ட ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ தொகுப்பின் உறையைவிட வலுவான சான்று இல்லை. பெருநிறுவனங்களைச் சாராத ஃபேக்டரி ரெக்கார்ட்ஸுக்காக அதனை வடிவமைத்த பீட்டர் சாவில், முகப்பில் குழுவின் பெயரையும் தலைப்பையும் இடவே இல்லை.

குழுவினர் வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுத்துத் தந்த படம், சிபி 1919 என்னும் துடிவிண்மீனிலிருந்து (சுழன்றுகொண்டே சீரான இடைவெளியில் வானொலி அலைகளை வீசும் விண்மீன் அது) வந்த அடுத்தடுத்த துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வரைபடமாகும். ஹரால்ட் கிராஃப்ட் 1970இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இட்ட அவ்வரைபடத்தின் கருங்கோடுகளை வெள்ளையாக்கி, கருப்புப் பரப்பின் நடுவே சிறிதாக வைத்ததில்தான் சாவிலின் மேதைமை விளங்குகிறது. சுற்றியுள்ள கருமையே இசையின் தனிமையைச் சொல்லிவிடுகிறது.

ஒரே மையில், வெறும் கோடுகளாக அமைந்ததால் அவ்வுருவம் துணியில் அச்சிடவும் எளிதாயிற்று. குழுவின் பாடல்களைக் கேட்டிராதவர்களும் இன்று அதனை டி-ஷர்ட்டில் அணிகின்றனர். அவர்களுள் சிலரேனும் கிராஃப்டின் பெயரை அறிந்திருக்க வேண்டும்.