நாலு சக்கரத்தில் அரை சென்ட் வீடு

எனக்கு விழுப்புரம் பக்கம் நாலு ஏக்கர் கரும்பு. போன வருஷம் ஆலையின் வெட்டு உத்தரவு இரண்டு மாதம் தள்ளிப்போய், கரும்பு பூ வைத்து எடை குறைந்தது. அந்த மனக்கசப்போடுதான், 2023 செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்துக்குப் போனோம். ஃபார்கோ நகரில் மகள் வீடு. "நிலத்தைக் கொடுத்துட்டு சென்னையில ஃப்ளாட் வாங்கிப் போடுங்கப்பா. வருஷத்துல ஆறு மாசம் இங்க வந்து இருங்க" என்பதுதான் அவள் தினமும் பாடும் பாட்டு.

அவளோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். வீட்டு வாசலில் பிக்கப் வண்டி, அதன் பின்னால் வெள்ளைப் பெட்டி போல ஒரு டிரெய்லர். "மாமா, இதுதான் அவங்க வீடு. வருஷம் பூரா இதுலதான்" என்றார் மாப்பிள்ளை. நான் விடாமல் அளந்து பார்த்தேன். 28 அடி நீளம், 8 அடி அகலம். கணக்குப் போட்டால் அரை சென்ட்தான் வருகிறது.

உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கேஸிலும் ஓடும் ஃபிரிட்ஜ், முழங்கால் இடிக்கும் கழிப்பறை. அடியில் மூன்று தொட்டி: குடிநீருக்கு ஒன்று, குளித்துக் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கழிப்பறைத் தொட்டி நிறைந்ததும் அதற்கென்று இருக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப்போய், குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். பெரியவர் இதைத்தான் ரொம்பப் பெருமையாகக் காட்டினார். நாம் புது போர்வெல் மோட்டாரைக் காட்டுவதில்லையா, அப்படி.

அவருக்கு 68 வயது. லாரி மெக்கானிக்காக இருந்தவர். 2008 நெருக்கடிக்குப் பிறகு தவணை கட்ட முடியாமல் வீடு போய்விட்டது. இப்போது கோடையில் காட்டுப் பகுதி முகாம் ஒன்றைக் கணவனும் மனைவியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கழிப்பறை கழுவுவதும் அதில் அடக்கம். குளிர்காலம் அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்ஸைட் என்ற ஊர்ப்பக்கம். அங்கே அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டியை நிறுத்திக்கொள்ள 2023-ல் 180 டாலர். அந்த மாதிரி ஒதுக்கிய இடமில்லாத அரசு நிலமென்றால் பொதுவாக 14 நாள்தான், பிறகு கிளம்பியாக வேண்டும்.

"ரேஷன் கார்டு எந்த ஊர்ல?" என்று என் மனைவி கேட்டாள். சிரிக்கிற கேள்வியில்லை. முகவரி இல்லாமல் ஓட்டுநர் உரிமம்கூட வாங்க முடியாது. தெற்கு டகோட்டாவில் ஒரே ஒரு ராத்திரி தங்கிய ரசீது, தபால் வாங்கிவைக்கும் கடையின் முகவரி, இரண்டையும் காட்டித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே அவர்கள் வந்தது அக்டோபர் அறுவடைக்கு. பயிர் சுகர்பீட், சர்க்கரை எடுக்கும் வெள்ளை பீட்ரூட். மாப்பிள்ளை என்னை வடக்கே க்ரூக்ஸ்டன் பக்கம் கூட்டிப்போனார். ரெட் ஆற்றுச் சமவெளி, எப்போதோ ஏரியாகக் கிடந்த பூமி. மேடு பள்ளமே இல்லாத கறுப்புக் களிமண். ஏக்கருக்கு 25 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். கிழங்கில் 17, 18 சதவிகிதம் சர்க்கரை. நம் கரும்பின் பிழிதிறன் பத்தைத் தொட்டாலே நமக்குச் சந்தோஷம். ஆலைகள் 1973-லிருந்து விவசாயிகளின் கூட்டுறவுக்கே சொந்தம் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்!

லாரி லாரியாக வரும் கிழங்கை ஓர் இயந்திரம் மண் உதிர்த்து, வீடு உயரத்துக்கு நீளமாகக் குவிக்கிறது. பிறகு குளிரில் உறைந்து அப்படியே கிடக்கும். வசந்தம் வரைக்கும் எடுத்து எடுத்து அரைப்பார்கள். வெயில் ஏறினால் குவியல் அழுகும் என்று வெட்டை நிறுத்துவார்கள். கடும் உறைபனி விழுந்தாலும் நிறுத்துவார்கள். நாங்கள் போனபோது முதல் சில நாள் வெயிலில் வேலை நின்றது. இடையில் கிடைக்கிற இரண்டு வாரத்தில், ராப்பகலாக, ஆளுக்கு 12 மணி நேர ஷிப்ட். உள்ளூர் ஆள் போதாது. அதனால்தான் இந்த வண்டி வீட்டுக்காரர்களை வரவழைக்கிறார்கள். வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் வேலை கொடுப்பவர் செலவு.

அம்மாவுக்கு மாதிரி எடுக்கும் வேலை. லோடிலிருந்து கிழங்கைப் பையில் பிடித்து சீட்டுப் போட வேண்டும். அதில் வரும் சர்க்கரை அளவுக்குத்தான் விவசாயிக்குப் பணம். அடுத்த வாரம் குளிர் இறங்கி, ஒரு ராத்திரி தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. விடிகாலை ஷிப்ட் முடித்து வந்தவர், வீங்கிய கையோடு ஹேர் டிரையரைப் பிடித்துக் குழாயை இளக்கிக்கொண்டிருந்தார். ஓய்வூதியம் டீசலுக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகிறதாம். அவரால் டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்த முடியாது. கணவர் படுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

"மகள் கூப்பிடுகிறாளே, போய் இருக்கலாமே?"

"அவ வீட்டுல டம்ளரை எங்க வைக்கணும்னு அவளைக் கேட்கணும்" என்றாராம். மாப்பிள்ளை தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே என் மனைவி தலையாட்டிவிட்டாள்.

ஜனவரியில் எங்கள் வயலுக்கு வெட்டு ஆட்கள் வந்தார்கள். கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்து ஒன்பது ஜோடி. சட்டி பானை, கோழி, பிள்ளைகளோடு டிராக்டரில். வழக்கம்போல வரப்பு ஓரம் தார்ப்பாய்க் குடிசை. இத்தனை வருஷமாக வாய்க்கால் தண்ணீரைக் காட்டிவிட்டு வந்தவன் நான். இந்தத் தடவை மோட்டார் கொட்டகையிலிருந்து அரை அங்குலக் குழாய் இழுத்து இரண்டு பைப் வைத்தேன். தகரம் அடித்து இரண்டு கழிப்பறையும் போட்டேன். செலவு 14,000 ரூபாயைத் தாண்டியது. "என்னங்க புதுசா?" என்று மேஸ்திரி சந்தேகமாகப் பார்த்தார். கூலியில் பிடிப்பேனோ என்று பயம்.

அன்று ராத்திரி மகள் போன் செய்தாள், நிலத்தைப் பற்றி என்ன முடிவு என்று. வெட்டு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.