தாய்வேரும் கன்றும்

நாக்பூரில் இரயில்வே குடியிருப்பின் கொல்லைப்புறத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. தஞ்சையிலிருந்து பாட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கன்று அது. தந்தைக்கு இலக்னோவிற்கு இடமாற்ற ஆணை வந்தது. வீட்டுப் பொருள்கள் எல்லாம் பெட்டிகளில் அடங்கின. மரம் மட்டும் அடங்கவில்லை.

“பாட்டி, மரத்தை இங்கேயே விட்டுவிட்டா போகப் போகிறோம்?” என்று பேத்தி கண்கலங்கிக் கேட்டாள்.

பாட்டி மரத்தடியைக் காட்டினார். சற்றுத் தள்ளி மண்ணைப் பிளந்துகொண்டு சிறு கன்றுகள் எழுந்திருந்தன. அவை விதையில் முளைத்தவை அல்ல. தாய்மரத்தின் வேரிலிருந்தே கிளம்பியவை. பாட்டி ஒரு கன்றைத் தேர்ந்து, தாயோடு அதனை இணைத்த வேரைக் கத்தியால் அறுத்தார். ஆனால், கன்றைப் பிடுங்கவில்லை. “மூன்று வாரம் இங்கேயே இருக்கட்டும், கண்ணே. தன் வேரால் நீர் குடிக்கப் பழகிய பின் எடுப்போம்” என்றார்.

பூவும் விதையும் இன்றி, தாவரத்தின் உடற்பகுதியிலிருந்தே புதுச்செடி தோன்றுவது உடல இனப்பெருக்கம் எனப்படும். உருளைக்கிழங்கு தன் கண்களிலிருந்து முளைக்கிறது. உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லை; எனவே வாழை பக்கக்கன்றால் தழைக்கிறது. ‘வாழையடி வாழையாக’ என்னும் வாழ்த்து இதிலிருந்து பிறந்தது. இயற்கையின் இவ்வழியை உழவரும் கற்றனர். முருங்கையைப் போத்து நட்டும், கரும்பைக் கரணை நட்டும், மல்லிகையைப் பதியம் போட்டும் பெருக்கினர். மாவில் ஒட்டுக் கட்டினர்.

இம்முறையில் கன்று தாயை அப்படியே ஒத்திருக்கும். தாயின் சுவையும் மணமும் அதற்கு வரும். தாயின் நோயும் அதனுடன் வரக்கூடும். பழனி மலைச்சரிவில் விளையும் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் தாக்கியபோது, நோயுற்ற கன்றுகள் வழியே அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. பின்னர், நோயற்ற குருத்துத் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, புதுக்கன்றுகளை உருவாக்கினர்.

இலக்னோவின் முதல் குளிர்காலத்தில் கறிவேப்பிலைக் கன்றின் இலைகள் எல்லாம் உதிர்ந்தன. பேத்தி நாள்தோறும் வெறுங்குச்சியைப் பார்த்து வருந்தினாள். “வேர் உறங்குகிறது, பொறு” என்றார் பாட்டி. பங்குனியில் செந்நிறத் தளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. அதனைக் கசக்கி முகர்ந்தபோது தஞ்சையின் மணம் வீசியது.

“நானும் இந்தக் கன்றைப் போலத்தானே, பாட்டி?” என்று கேட்டாள் பேத்தி.

“இல்லை, நீ விதையில் வந்தவள். என் சாயலும் உன்னிடம் உண்டு. எனக்கு இல்லாததும் உண்டு. நான் தமிழில் மட்டும் பேசுவேன். நீயோ தமிழிலும் இந்தியிலும் பேசுகிறாய். எந்த மண்ணிலும் நீ பிழைத்துக்கொள்வாய்” என்று சொல்லிவிட்டுப் பாட்டி செடிக்கு நீர் ஊற்றினார்.