பொலித்தீன் பைக்குள் ஒரு மருந்துக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் ‘பாதை’யில் வாவியைக் கடந்துகொண்டிருந்தேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வோம். கிளினிக் முடிந்து திரும்பிய வயதான அம்மா ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார். மடியில் பொலித்தீன் பை. அதற்குள் கிளினிக் கொப்பி.

“பிரஷர் குளிசை குடிச்சாக் கால் வீங்குது மகன்.”

“டொக்டரிட்டச் சொன்னீங்களா அம்மா?”

“சொன்னன். வேற குளிசை மாத்தித் தந்தாரு. கொப்பியில எழுதியிருக்கு.”

வைத்தியர் தம் கடமையைச் செய்துவிட்டார். அம்லோடிபின் போன்ற மருந்துகளால் கால் வீங்குவதுண்டு என்பது மருத்துவம் அறிந்ததே. ஆனால் யாரும் அறியாத பக்கவிளைவாக இருந்திருந்தால்? படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் நூறு கொப்பிகளில் ஒரே குறிப்பு இருந்தாலும், அவற்றைச் சேர்த்து வாசிக்க ஒருவரும் இல்லை.

2008 இன் ஆரம்பத்தில், ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி இலங்கையில் அறிமுகமானது. சில குழந்தைகள் இறந்ததையடுத்து ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டு, 2010 இல் மீண்டும் வழங்கப்பட்டது. நாங்கள் பத்திரிகைகளில் இறப்புகளைத் தலைப்பாக்கினோம். ஊசி போடாத காலத்திலும் அதே வயதில் எத்தனை குழந்தைகள் திடீரென இறக்கின்றன என்ற கேள்வி எங்களுக்குத் தோன்றவேயில்லை. அந்த ஒப்பீடு இல்லாத எண்ணிக்கை அச்சத்தை வளர்க்குமேயன்றி வேறொன்றும் சொல்லாது.

அமெரிக்காவுக்கும் இந்தப் பாடம் எளிதில் வரவில்லை. 1999 இல் விற்பனைக்கு வந்த வயொக்ஸ் என்னும் வலிநிவாரணி, மாரடைப்பு அபாயத்தால் 2004 செப்டெம்பரில் மீளப்பெறப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அதை விழுங்கியிருந்தனர். 2007 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே ‘சென்டினல்’ என்ற ஏற்பாடு உருவானது. 2009 இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2016 இல் முழுமை பெற்றது.

அதன் நுட்பம் எனக்குப் பிடித்தது. நோயாளரின் பதிவுகளை ஓரிடத்தில் குவிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் மருந்து, திகதி, நோய், வயது ஆகியவற்றை ஒரே அமைப்பிலான அட்டவணைகளில், தன் கணினியிலேயே வைத்திருக்கும். கேள்விதான் பயணம் செய்யும். விடையாகத் திரும்புவது பெயர்களற்ற தொகைகள். டபிகட்ரான் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து 2010 இல் அனுமதி பெற்றபின் இரத்தக்கசிவு முறைப்பாடுகள் குவிந்தன. பழைய வார்ஃபரினோடு இவ்வாறு ஒப்பிட்டபோது, புதிய மருந்தைத் தொடங்கியோரிடம் கசிவு கூடுதலாகத் தெரியவில்லை. இம்முறையும் குறையற்றதன்று: கடும் நோயாளருக்கே ஒரு மருந்து அதிகம் கொடுக்கப்பட்டால், நோயின் பழி மருந்தின்மேல் விழும்.

பெயர் பயணப்படாது என்பது எங்கள் மண்ணில் சிறிய செய்தியன்று. 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. பெயர்ப் பட்டியல் என்றாலே வயிற்றில் புளி கரைந்த தலைமுறை நாங்கள். ‘எல்லார் விபரத்தையும் கொழும்பில் ஒரு கணினியில் சேர்க்கிறோம், நன்மைக்குத்தான்’ என்றால் நானே தயங்குவேன். தரவு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க, கேள்வி மட்டும் வந்து போகட்டும் என்றால் சம்மதிப்பேன். தனியாள் தரவுப் பாதுகாப்புக்கென 2022 இல் இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டதும் இந்த யோசனைக்குத் துணை.

ஆயினும் எழுதப்பட்டதைத்தான் எந்த வலைப்பின்னலும் எண்ணும். அம்மா தமிழில் சொன்னது, நெரிசல் மிகுந்த கிளினிக்கில், ஆங்கிலச் சுருக்கெழுத்தில் பதிவாகியிருக்கும். மருந்து மாறியது மட்டும் எழுதப்பட்டு, கால் வீங்கியது விடுபட்டும் இருக்கலாம். கொப்பியை வாங்கிப் பார்த்திருக்கலாம். மண்டூர்க் கரை வந்துவிட்டது. அம்மா பையை முடிந்துகொண்டு இறங்கிவிட்டார்.