பென்சிலால் திருத்திய சாதனைகள்

சித்தப்பாவுக்கு அச்சடித்த புத்தகத்தில் கிறுக்கினால் பிடிக்காது. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான் பெயர் எழுதியதற்கே முறைத்தவர். ஆனால் 'இந்தியன் கிரிக்கெட்' ஆண்டு மலருக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. அதில் அவரே எழுதுவார். சட்டைப் பையில் எப்போதும் கூர் சீவிய ஒரு நடராஜ் பென்சில் இருக்கும். பேனாவைத் தொடமாட்டார். "நாளைக்கே மாறிப் போற விஷயத்துக்கு எதுக்குடா மை?" என்பார்.

சென்னையிலிருந்து 'தி இந்து' குழுமம் 1947 முதல் கொண்டுவந்த மலர் அது. முதலில் எஸ்.கே. குருநாதனும் அவருக்குப் பின் பி.என். சுந்தரேசனும் ஆசிரியர்கள். இங்கிலாந்தில் 1864 முதல் வந்துகொண்டிருக்கும் விஸ்டனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்று சொல்லலாம். அங்கே போலவே இங்கேயும் வருடத்துக்கு ஐந்து சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை போடுவார்கள். நான் கட்டுரைப் பக்கம் போகமாட்டேன். ஆறாம் வகுப்புப் பையனின் ஆங்கிலம் எட்டிய தூரம் பெயர்களும் எண்களும்தான். எறும்பு சைஸ் எழுத்தில் அவை பக்கம் பக்கமாகக் கிடந்தன.

கும்பகோணத்தில் எங்கள் தெருப் பையன்களுக்குள் சண்டை வந்தால் தீர்ப்பு எங்கள் திண்ணையில்தான். விஸ்வநாத் எத்தனை சதம், பேடி எத்தனை விக்கெட், வெங்கட்ராகவன் பெரிய ஆளா பிரசன்னா பெரிய ஆளா. கடைசிக் கேள்விக்கு மலரில் விடை கிடையாது, ஆனாலும் அதற்கும் மலரைத்தான் புரட்டினோம். சித்தப்பா ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவி, காபி குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். புத்தகத்தை அவர்தான் எடுப்பார், அவர்தான் வைப்பார். எங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி.

அவர் பென்சில் அதிகம் வேலை செய்தது கவாஸ்கர் வரியில். மலர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கவாஸ்கருக்கு 27 டெஸ்ட் சதம். உலக சாதனை பிராட்மனின் 29. 1983 செப்டம்பரில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு சதம் அடித்தார். சித்தப்பா 27ஐ மெல்லிய கோடு போட்டு அடித்து, மேலே 28 என்று எழுதினார். அடுத்த மாதம் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 121. 28 போய் 29. அப்புறம் டிசம்பரில் அதே அணிக்கு எதிராகச் சேப்பாக்கம். வழக்கமாகத் தொடக்கத்தில் இறங்குகிற மனிதர் அன்று நாலாவதாக இறங்கினார். இறங்கி என்ன பிரயோஜனம், மார்ஷல் முதல் இரண்டு பேரை ஸ்கோர் பூஜ்யத்தில் இருக்கும்போதே அனுப்பிவிட்டார். அங்கிருந்து ஆட்டமிழக்காமல் 236. ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகம் விரித்தபடி இருந்தது. 29ஐ அடித்து 30 எழுதும்போது அந்தச் சின்ன இடத்தில் இடமே இல்லை. ஓரத்துக்கு ஒரு அம்புக்குறி இழுத்து எழுதினார்.

பிராட்மன் வரியில் மட்டும் பென்சில் பட்டதே இல்லை. 80 இன்னிங்ஸ், 6996 ரன், சராசரி 99.94. "80ஆல வகுத்துப் பாரு" என்று ஒருநாள் சிலேட்டை நீட்டினார். 87 சொச்சம் வந்தது. புத்தகம் தப்பு என்று குதித்தேன். பத்து முறை ஆட்டமிழக்காமல் நின்றதைக் கழித்து 70ஆல் வகுக்கச் சொன்னார். தசம வகுத்தல் எனக்குப் பள்ளியில் வரவில்லை, திண்ணையில் வந்தது.

சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் வானொலியில் தமிழ் வர்ணனை உண்டு. கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும் பேசப் பேச, சித்தப்பா அவர்களோடு போட்டி போடுவார். இது இந்த மைதானத்தில் எத்தனையாவது சதம் என்று அவர்கள் சொல்வதற்குள் இவர் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அன்று எங்களுக்குக் கடலை மிட்டாய். வர்ணனையாளர் மேஜையில் ஒரு மலர் இருந்தால் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. தலைநகரத்துக்கும் எங்கள் தெருவுக்கும் அந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை என்பது எனக்கு அப்போது பெரிய பெருமை.

எதையோ தேடப் போய் வேறு எதிலோ விழுவது அந்தப் புத்தகத்தின் குணம். வெங்கட்ராகவனைத் தேடும் வழியில்தான் 1952 பிப்ரவரி அகப்பட்டது. சென்னையில் இங்கிலாந்தை இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் தோற்கடித்து, இந்தியா டெஸ்டில் முதன்முதலாக ஜெயித்த ஆட்டம். வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் மட்டும் எட்டு விக்கெட். அதே மன்கட் நாலு வருடம் கழித்து, அதே ஊரில், பங்கஜ் ராயோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 எடுத்திருக்கிறார் என்று இன்னொரு பக்கம் சொன்னது. 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னை மைசூரை ஒரே நாளில் முடித்து அனுப்பியதும், முதல் பந்தைப் போட்ட எம்.ஜே. கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர் என்பதும் இப்படி வழி தவறி வந்து சேர்ந்தவைதான்.

பழைய வருடத்து மலர்களைச் சித்தப்பா சென்னை போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் தேடி வாங்குவார். நடுவில் சில வருடங்கள் மட்டும் அகப்படவே இல்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தி பேப்பரில் வந்தபோது, "நம்ம மிச்ச வருஷம் அங்கதான்டா இருந்திருக்கும்" என்றார்.

அச்சு மலருக்கு ஒரு தீராத வியாதி: கைக்கு வரும்போதே பழசாகிவிடும். சீசன் முடிந்து, கணக்கு பார்த்து, அச்சுக் கோத்து வருவதற்குள் அடுத்த தொடர் தொடங்கியிருக்கும். இடைவெளியை நிரப்பச் சித்தப்பா பேப்பர் கத்தரிப்புகளைப் பக்கங்களுக்கு நடுவே சொருகுவார். புத்தகம் வாய் மூடாமல் கிடக்கும். 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே சேப்பாக்கத்தில் 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். அறிமுக ஆட்டப் பட்டியலில் அதுவரை மேலே இருந்தவர் ஆஸ்திரேலியாவின் பாப் மாஸி, 137க்கு 16. ஒரே ஒரு ரன். மாஸியின் தலைக்கு மேல் ஹிர்வானியின் பெயரை எழுதிவிட்டுச் சித்தப்பா அரை நாள் லீவு போட்டதாக ஞாபகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரில் பிரவுசிங் சென்டர் வந்தது. சித்தப்பாவைக் கூட்டிப்போய்க் கிரிக்இன்ஃபோ இணையதளத்தைக் காட்டினேன். அவர் கேட்டது நடக்கிற ஆட்டத்தை அல்ல, 1952 சென்னை டெஸ்டை. பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. மன்கட், 55க்கு 8. திரையில் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "யாருடா இதை உக்காந்து அடிச்சது?" என்றார்.

நல்ல கேள்வி. 1993இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற பிரிட்டிஷ்காரர் தொடங்கியது அது. ஸ்கோர் தெரியாமல் தவித்த வெளிநாட்டு மாணவர்கள் பலர் அதில் சேர்ந்துகொண்டார்கள். பின்னாளில் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கிய பத்ரி சேஷாத்ரியும் அந்த ஆரம்பகாலக் கூட்டத்தில் ஒருவர். பழைய ஆட்டங்களின் ஸ்கோர் கார்டுகளைத் தன்னார்வலர்கள் புத்தகங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். உலகம் முழுக்கச் சித்தப்பாக்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் பென்சிலுக்குப் பதில் விசைப்பலகை, அவ்வளவுதான்.

சித்தப்பா ஒரே ஒரு இடத்தில் கோபப்பட்டார். ஜாக் ஹாப்ஸின் முதல்தர சதங்கள் அவர் படித்ததில் 197. திரையில் 199. விஜயநகரம் மகாராஜகுமாரர் 1930-31இல் திரட்டிய அணிக்காக ஹாப்ஸ் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடிய ஆட்டங்களைப் பிற்காலப் புள்ளிவிவரக்காரர்கள் முதல்தரக் கணக்கில் சேர்த்துக்கொண்டதால் வந்த இரண்டு அது. விஸ்டன் 197ஐ விடவில்லை. சித்தப்பாவும் விடவில்லை.

விடை வேண்டுமென்றால் திரைதான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இடதுகை ஆட்டக்காரர்கள் நாலாவது இன்னிங்ஸில் அடித்த சதங்களைப் பட்டியல் போடு என்றால் மலர் என்ன செய்யும்? ஆனால் திரை நேற்றைய எண்ணை வைத்துக்கொள்வதில்லை. கவாஸ்கர் என்றால் 34 என்று முடித்துவிடும். 27இல் நின்றிருந்த சில மாதங்களும், 29இல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

டெஸ்ட் ஆட்டங்கள் தப்பித்துவிட்டன. நம் மாவட்ட லீக் ஸ்கோர் நோட்டுகள், ஹாக்கி, கபடிப் போட்டிகளுக்கு அடித்த விழா மலர்கள் பெரும்பாலும் எந்தத் திரையிலும் ஏறவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்துவிடாதீர்கள். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் தயவுசெய்து அழிக்காமல் கொடுங்கள்.