கடைசிப் பக்கத்தில் தாத்தா

2022 நவம்பர் இறுதி. துபாயில் இருக்கும் தங்கைக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. ஏற்காட்டிலிருந்து அம்மா புறப்பட மூன்று வாரங்களே இருந்தன. பயணத்துக்கு வேண்டியவற்றை நான்தான் சரிபார்த்தேன். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களாவது செல்ல வேண்டும் என்பது விதி. அம்மாவுடையது இன்னும் ஏழு ஆண்டுகள் செல்லும். விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. விசா மட்டுமே பாக்கி.

சேலத்துப் பயண முகவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்குதே?"

காலியாகத்தான் இருக்கும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கையில் அந்தத் தலைப்பெழுத்தையும் விரித்தெழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கோ தலைப்பெழுத்தே இருந்ததில்லை. ஒரே சொல்தான் பெயர். அப்படி ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்ட கடவுச்சீட்டை வருகை விசாவுக்கு ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அந்த நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியிருந்தது.

கபிலரையும் பரணரையும் ஒற்றைப் பெயராலேயே வகுப்பில் அறிமுகப்படுத்துகிறவன் நான். அது ஒரு குறையாகக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

செய்தியைச் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வயசுல நான் பேர மாத்திக்கணுமா, கண்ணு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சில நாட்களில் விளக்கம் வந்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் பதிவாகியிருந்தால் போதும் என்றார்கள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். முகவரிக்கு மேலே தாத்தாவின் பெயர் இருந்தது. நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் ஆயுள் முழுதும் உழைத்தவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கியதே சில முறைதான். கடல் கடக்க மகளுக்கு அவர் பெயர் துணையாயிற்று. விசா கிடைத்தது.

அந்த வரி எங்கே என்று கேட்டு, அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

வெளிநாடு போவதாகச் சொல்லும் மாணவர்களிடம் இப்போதெல்லாம் காலாவதி நாளோடும் விசா விதிகளோடும் இன்னொன்றையும் சொல்கிறேன்: சீட்டு எடுக்குமுன் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.