ஊர் விட்டு ஊர் போகும் புழு

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் தேசிங்கு ராஜனைப் பற்றிக் கேட்காமல் திரும்புவதில்லை. 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் கோட்டைக்கு இடம் கிடைத்த பிறகு, எங்கள் ஊருக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் கத்தியும் பீரங்கியும் இல்லாமலே இந்தக் கோட்டைக்குள் போர் புரிந்த எதிரி ஒருவன் உண்டு. அவனைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை.

1750-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டையைப் பிடித்தார். 1761 வரையில் அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. ஒரே சமயத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அவர்கள் இங்கே வைத்திருந்ததில்லையாம். ஆயினும் பத்து வருஷத்துக்குள் 1,200 பேரைப் பறிகொடுத்தார்கள் என்று பழைய சரித்திர நூல்கள் கூறுகின்றன. "பொல்லாத சீதோஷ்ணம்" என்பதே அக்காலத்தார் கண்ட காரணம். காய்ச்சல் கெட்ட காற்றினால் வருகிறதென்று உலகம் நம்பியிருந்த காலம் அது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் ஸிகந்தராபாத்தில் கண்டது 1897-ல்தான். புது மண்ணுக்கு வருகிறவன் அந்த மண்ணின் வியாதிகளை அறியாமல் வருகிறான்; அறியாமைக்கு உயிரையே விலையாகக் கொடுக்கிறான்.

வருகிறவன் வெள்ளைக்காரச் சிப்பாயானால் சரித்திரத்தில் கணக்காவது மிஞ்சும். கூலிக்காரனானால் அதுவும் இல்லை. தமிழ் ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம்மவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பினார்கள். காலராவும் பிளேக்கும் கூடவே கப்பலேறிவிடக் கூடாதே என்பது இலங்கைச் சர்க்காரின் கவலை. கண்ணுக்குத் தெரியாமல் குடலுக்குள் போன கொக்கிப்புழுவைப் பற்றிப் பிறகுதான் யோசித்தார்கள். 1916-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் அங்கே ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரிடம் அந்தப் புழு குடியிருந்தது.

கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்கி, அங்கே ரத்தத்தை உறிஞ்சுகிறது. சோகை பிடித்து, முகம் வெளுத்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறவன் காண்பவர் கண்ணுக்குச் சோம்பேறியாகவே தோன்றுவான். மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறிற்று. ஆனால் கக்கூஸ் கட்டுவதற்குப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். மருந்துண்டவன் மறுநாளும் அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்தான். புழு மறுபடியும் ஏறிற்று.

இன்று செஞ்சிக்கே வெளியூரிலிருந்து கூலியாட்கள் வருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் கட்ட பீஹாரிலிருந்து எட்டுப் பேர் வந்து கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஒருநாள் இரவு சுகாதார ஊழியர்கள் யானைக்கால் சோதனைக்காக ரத்தம் எடுக்க வந்தபோது, அவர்களில் மூவர் பின்பக்கமாக நழுவி ஏரிக்கரைப் பக்கம் ஓடிவிட்டார்கள். "பார்த்தீர்களா ஸார்? இவர்கள்தான் வியாதியைக் கொண்டு வருகிறார்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் டார்ச்சு விளக்குடன் போய் அவர்களைக் கண்டுபிடித்து, ஹிந்தியில் பேசினார். "ராத்திரியில் ரத்தம் எடுப்பது எதற்கு, சாச்சா? எங்களைப் பிடித்து அனுப்பிவிடத்தானே?" என்று கேட்டானாம் ஒருவன். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் உடம்பின் உள்ளே ஒதுங்கியிருந்து, இரவில்தான் தோலை அடுத்த ரத்தத்தில் உலவும் என்று அவர் விளக்கினார். கால் வீங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே புழு உடம்பில் இருக்கக்கூடும். வீங்கிய பின் பழைய காலைப் பெறுவது அரிது என்றும் சொன்னார். மூவரும் திரும்பி வந்து விரலை நீட்டினார்கள். கால்மணி நேரப் பேச்சு செய்த காரியம் அது.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பதில் உண்டு. தமிழ்நாடும் யானைக்காலுக்குப் பழைய வீடுதான். அதைப் பரப்பும் கொசு பீஹாரிலிருந்து ரயிலேறி வரவில்லை; நம் வாசல் சாக்கடையில் பிறக்கிறது. வந்தவனை விரட்டினால் சோதனைக்குப் பயந்து அவன் ஒளிவான். சாக்கடை அப்படியே இருக்கும்.

இது பிறருக்கான உபதேசம் மட்டுமன்று. நம் வீட்டுப் பிள்ளைகளும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போயிருக்கிறார்கள். அங்கே வந்தேறிகள் அவர்கள்தான். கொக்கிப்புழுவைப் போலவே கால் வழியாக ஏறும் வேறொரு நுண்புழு, பிறந்த ஊரை விட்டு முப்பது, நாற்பது வருஷங்களான பிறகும் குடலில் சத்தமின்றி இருக்கக்கூடும். அது தெரியாமல் வைத்தியர் இழுப்புக்காக ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிரையே வாங்கிவிடலாம். ஆகையால் கடிதம் எழுதும்போது, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதோடு நிறுத்தாமல், "எந்த மண்ணில் வெறுங்காலுடன் விளையாடி வளர்ந்தாய் என்பதை வைத்தியரிடம் சொல்" என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதே அக்கறையோடு, நம் தெருவுக்கு வந்த பிள்ளையிடமும் அவன் ஊரை விசாரியுங்கள்.